'முடிவுகள் எதுவும் இல்லை': சோழபுரம் தேடிய கதையும் தேடுபெட்டி மீது ஒரு விமர்சனமும்

போன மாதம் ஒரு சாயங்காலம் போன் வந்தது. பேசியவர் ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சோழபுரத்துக்காரர். முதுகலை வரலாறு படிக்கிற பையன்.

"அண்ணாச்சி, உங்க தளத்துல எங்க ஊரப் பத்தி ஏதாச்சும் இருக்கான்னு தேடிப் பாத்தேன். ஒண்ணுமே இல்லன்னு வருது."

"இருக்கே தம்பி. நானே எழுதியிருக்கேனே. சரியா அடிச்சீங்களா?"

"அடிச்சேன் அண்ணாச்சி. 'முடிவுகள் எதுவும் இல்லை'ன்னுதான் போடுது. மத்த நாலஞ்சு தளத்துலயும் அப்படித்தான். எங்க சார் சொல்லிட்டாரு, தரவு இல்லாத தலைப்ப எடுக்காத, மாத்திக்கோன்னு."

அவர் எடுத்த தலைப்பு எளிமையானது, நல்லது. பாண்டி நாட்டுக்குள்ளே சோழன் பெயரில் ஊர் எப்படி? முதலாம் ராஜராஜன் பாண்டி நாட்டைப் பிடித்தபின் அது ராஜராஜப் பாண்டி மண்டலம் ஆனது. ராஜேந்திரன் தன் மகனையே மதுரையில் சோழ பாண்டியன் என்ற பட்டத்தோடு உட்கார வைத்தான். அந்தக் காலத்துச் சுவடு இந்த ஊர்ப் பெயரில் இருக்கிறதா, இல்லை பெயர் பிற்காலத்தில் வந்ததா? இதற்கு விடை என்னிடம் இல்லை. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி. அந்தக் கேள்வியை ஒரு தேடுபெட்டி கொன்றுவிடப் பார்த்தது. அந்தப் பெட்டிகளில் ஒன்று என்னுடையது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என் பெட்டி

அன்று ராத்திரியே உட்கார்ந்து சோதித்தேன். தேடியதும் வந்ததும் இப்படி:

சோழபுரம்: இல்லை.
ஸ்ரீவில்லிபுத்தூர்: இல்லை.
ஆண்டாள்: இல்லை.
தமிழ்: இல்லை!

முழுக்கத் தமிழில் எழுதுகிற தளத்தில் 'தமிழ்' என்ற சொல்லே இல்லையாம். ஆனால் ஆங்கிலச் சொல் அடித்தால் வருகிறது. 1985 என்று எண் அடித்தால் வருகிறது. தளம் கெட்டுப்போகவில்லை, தமிழ்தான் போகவில்லை என்று தெரிந்தது. பிறகு எதேச்சையாக 'பல' என்று அடித்தேன். பத்துப் பக்கம் வந்து கொட்டியது. 'சில' என்று அடித்தேன். ஒன்றும் வரவில்லை.

இந்த இடத்தில்தான் விஷயம் பிடிபட்டது. 'பல' என்ற சொல்லில் இரண்டு அகர உயிர்மெய்கள். கொம்பு, கால், கொக்கி, புள்ளி எதுவும் கிடையாது. 'சில' என்பதில் ஒரு கொக்கி இருக்கிறது. குறி ஒட்டிய எழுத்து ஒன்று வந்தாலும் தேடல் செத்துப்போகிறது.

போன வருஷம் தளத்தை வேறு இடத்துக்கு மாற்றியபோது தேடலுக்கு நானே ஒரு சின்ன நிரல் எழுதினேன். அதில், பயனர் அடிக்கும் கேள்வியைச் 'சுத்தம்' செய்ய ஒரு வரி. எழுத்தும் எண்ணும் தவிர மற்றதை எல்லாம் தூக்கிவிடு என்று அதற்கு உத்தரவு. இணையத்தில் எல்லோரும் எடுத்துப் போடுகிற வரிதான். காற்புள்ளி, கேள்விக்குறி போகட்டும் என்று நானும் போட்டேன். ஆனால் எது எழுத்து என்பதில் எனக்கும் நிரல்மொழிக்கும் ஒத்துவரவில்லை.

நமக்கு 'சோ' ஓர் எழுத்து. 247-இல் ஒன்று. யூனிகோடு அதை இரண்டாக வைத்திருக்கிறது: 'ச' ஓர் எழுத்து, 'ோ' ஒரு குறி. அந்தக் குறியை அது 'எழுத்து' என்ற வகையில் சேர்க்கவில்லை, 'ஒட்டுக்குறி' என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. பைத்தான் போன்ற மொழிகளில் 'சொல்லில் வரக்கூடிய எழுத்து' என்று வழக்கமாகப் பயன்படுத்தும் சுருக்கக் குறியீடு அந்த ஒட்டுக்குறிகளை ஏற்பதில்லை. ஆகவே என் 'சுத்தம்' செய்யும் வரி சோழபுரத்தை இப்படி ஆக்கிவிட்டது:

ச / ழப / ரம

மூன்று துண்டு. 'ழப' என்று ஒரு சொல்லை எந்தக் குறிப்பில் போய்த் தேடுவது? இல்லை என்று சொன்னது. அதன் கணக்கில் அது உண்மை. ஜாவாஸ்கிரிப்டில் அதே சுருக்கக் குறியீட்டைப் போட்டிருந்தால் இன்னும் மோசம். அங்கே அது ஆங்கில நெடுங்கணக்கை மட்டும்தான் எழுத்து என்று நினைக்கிறது. தமிழ்ச்சொல் முழுசாக அழிந்து, வெறுமையைத் தேடிக்கொண்டிருக்கும்.

மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் சொன்ன மொழியில், புள்ளியைக் குப்பை என்று தள்ளுகிற ஒரு வரியை நானே என் கையால் எழுதி வைத்திருந்தேன். சோதிக்கும்போது ஆங்கிலச் சொல் ஒன்றைப் போட்டுப் பார்த்து, வருகிறது என்று எழுந்து போயிருக்கிறேன்.

இதில் என்னை உறுத்தியது தவறு அல்ல. எட்டு மாதமாக ஒருத்தரும் சொல்லவில்லையே, அதுதான். பக்கம் திறக்கவில்லை என்றால் உடனே நாலு பேர் எழுதுவார்கள். படம் தெரியவில்லை என்றால் சொல்வார்கள். 'முடிவுகள் எதுவும் இல்லை' என்று வந்தால் யாரும் புகார் சொல்வதில்லை, ஏனென்றால் அது பிழைச்செய்தி மாதிரி இல்லை. விடை மாதிரி இருக்கிறது. படித்தவர் நம்பிவிட்டுப் போய்விடுகிறார்.

ஒரு பெயர், மூன்று பொறி

அந்த வரியைத் திருத்தினேன். ஒட்டுக்குறிகளையும் சேர்த்து ஏற்றுக்கொள் என்று மாற்றினேன். இப்போது 'சோழபுரம்' அடித்தால் இரண்டு முடிவு வந்தது. இரண்டும் கங்கைகொண்ட சோழபுரம். அரியலூர்ப் பக்கம். நம்ம பையனின் ஊர் பற்றிய குறிப்பு இன்னும் வரவில்லை. ஆனால் அது தளத்தில் இருக்கிறது. கண்ணால் பார்க்கிறேன்!

ஏன் வரவில்லை என்று பார்க்கப் பார்க்க, இந்த ஒரு பெயரிலேயே தமிழ்த் தேடலின் எல்லா வியாதியும் குடியிருக்கிறது என்று தெரிந்தது. முதல் எழுத்து சோ, இரண்டாம் எழுத்து ழ, கடைசி எழுத்து ம். மூன்றிலும் ஒவ்வொரு பொறி.

*சோ.* இது இரண்டு பக்கமும் குறி வருகிற எழுத்து. இடப்பக்கம் இரட்டைக்கொம்பு, வலப்பக்கம் கால். யூனிகோடில் இதை எழுத இரண்டு வழி உண்டு: 'ோ' என்ற ஒரே குறியாகப் போடலாம், 'ே', 'ா' என்று இரண்டு குறியாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டும் சமம் என்று யூனிகோடே விதி வைத்திருக்கிறது. ஆனால் விதி இருந்தால் போதுமா? நிரல் எழுதுபவர் 'ஒரே வடிவத்துக்குக் கொண்டுவா' என்று ஒரு வரி சேர்த்தால்தான் அந்தச் சமம் நடைமுறைக்கு வரும். சேர்க்காவிட்டால் கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை பிடிஎஃப். பழைய பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒரு பத்தியைச் சொடுக்கி எடுத்து ஒட்டிப் பாருங்கள். பல சமயம் இப்படி வரும்: ேசாழபுரம். கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பு முன்னால் வருகிறது அல்லவா, அச்சுக்கோப்பு அதை அப்படியே வைத்திருக்கிறது. மனிதக் கண் சமாளித்துப் படித்துவிடும். தேடுபெட்டி படிக்காது. மேலே சொன்ன சமன் விதியும் இதற்கு உதவாது. என் குறிப்பில் பாதி இப்படி ஒட்டியதுதான்.

இன்னும் பின்னால் போனால் பாமினி மாதிரி எழுத்துருக்களில் அடித்த கோப்புகள். நம்ம பக்கம் சிவகாசி இருக்கிறது. கோயில் அழைப்பிதழ், தல வரலாறு, பள்ளி மலர், கல்யாணப் பத்திரிகை என்று எத்தனையோ வருஷமாக டிடிபி சென்டர்களில் அடித்துக் குவித்தது எல்லாம் அந்த வகை. திரையில் தமிழாகத் தெரியும். எழுத்துருவை எடுத்துவிட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும்தான். பாமினியில் நம்ம புள்ளி என்பது ஓர் அரைப்புள்ளிக் குறி. அப்படிப்பட்ட கோப்பில் 'சோழபுரம்' என்று யூனிகோடில் தேடுவது, வேறு ஊர்த் தபால் பெட்டியில் நம்ம கடிதத்தைத் தேடுவது மாதிரி. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்று குறிமுறைகள் வந்தன. உலகெங்கும் இருந்த தமிழர்கள் கூடி உருவாக்கிய திஸ்கி இன்னொரு பக்கம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் திஸ்கியில் நூல்களை வெளியிட்டு, பிறகுதான் யூனிகோடுக்கு வந்தது. அவர்கள் மாற்றினார்கள். மாற்றப்படாத கோப்புகள் எத்தனை கணினிகளில் தூங்குகின்றனவோ.

*ழ.* தமிழில் இதற்குச் சிக்கல் குறைவு. அச்சுப் புத்தகத்தை ஓசிஆர் வைத்துப் படிக்கும்போது 'ழ' என்பது 'மு' ஆகிவிடும், அவ்வளவுதான். சோமுபுரம் என்று தேடினால் சில நேரம் சோழபுரம் கிடைக்கும். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஆங்கில ஆவணத்தில்தான் ழ படாதபாடு படுகிறது. சோலாபுரம், ஷோலாபுரம், சோழாபுரம், சோளாபுரம் என்று எப்படி வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி எழுதி வைத்திருப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்து ஆவணத்தில் இதைத் தேடினால் மகாராஷ்டிரத்து ஷோலாப்பூர் ரயில், துணிமில் சமாசாரம் எல்லாம் முன்னால் வந்து நிற்கும். இந்த எழுத்துக்கூட்டல் பஞ்சாயத்து இன்றும் தீரவில்லை. 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப் பெயர்களுக்குத் தமிழ் உச்சரிப்புக்கு ஒத்த ஆங்கில எழுத்துக்கூட்டல் பட்டியல் வெளியிட்டது. எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. பட்டியல் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. தேடுகிறவனுக்கு அது சொல்வது ஒன்றுதான்: ஒரு ஊருக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கும் என்று நம்பாதே.

*ம்.* இதுதான் என்னை வெட்கப்பட வைத்தது. என் குறிப்பில் மீதிப் பாதி, பிடிஎஃப் கோளாறு இல்லாத பாதி, நானே யூனிகோடில் அடித்தது. அதுவும் ஏன் வரவில்லை? போய்ப் படித்தேன். 'சோழபுரத்தில்', 'சோழபுரத்துக்கு', 'சோழபுரத்தைத் தாண்டி'. ஒரு இடத்தில்கூட 'சோழபுரம்' என்று எழுவாயாக எழுதவில்லை!

மகரத்தில் முடியும் பெயர் வேற்றுமை ஏற்கும்போது ம் கெட்டு அத்துச் சாரியை வரும். மரம், மரத்தை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிகிற இலக்கணம். பேசுகிறபோது நாம் ஊர்ப் பெயரை எழுவாயாகச் சொல்வதே குறைவு. ஊரில் இருக்கிறோம், ஊருக்குப் போகிறோம், ஊரிலிருந்து வருகிறோம். ஊரே எழுவாயாக வருவது பெயர்ப்பலகையில்தான். தேடுபெட்டி பெயர்ப்பலகையை மட்டும் தேடிக்கொண்டிருந்தது.

சாரியை வராத பெயருக்கும் தப்பில்லை. 'ஸ்ரீவில்லிபுத்தூர்' என்பதன் கடைசியில் ர், அதாவது ர-வும் புள்ளியும். 'ஸ்ரீவில்லிபுத்தூரில்' என்று வரும்போது புள்ளி போய்க் கொக்கி வந்துவிடுகிறது. ஆகவே கணினிக் கணக்கில் முதல் சொல் இரண்டாவதன் பகுதியே இல்லை.

அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து அங்கீகரித்த டேஸ்-16 குறிமுறை இருந்திருந்தால் இந்தத் தொல்லை இராது என்று நண்பர் ஒருவர் வாதாடினார். அதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம். ஒட்டுக்குறியை எழுத்தாகக் கருதாத என் முதல் தவறுக்கு அங்கே இடமிருக்காது, கொம்பு முன்னால் ஓடும் தொல்லையும் இராது, உண்மைதான். ஆனால் ர் ஓர் இடத்தில், ரி வேறு இடத்தில் இருக்கும். சோழபுரம் சோழபுரத்தில் ஆவதை எந்தக் குறிமுறையும் தீர்க்காது. அது குறிமுறையின் வேலை இல்லை, இலக்கணம் தெரிந்த நிரலின் வேலை.

அந்த வேலையும் ஒன்றும் பிரமாதமில்லை. ம்-இல் முடியும் சொல்லைத் தேடினால், 'சோழபுரம' என்று தொடங்குவதையும் 'சோழபுரத்த' என்று தொடங்குவதையும் சேர்த்துத் தேடு என்று சொன்னேன். முதலாவது சோழபுரம், சோழபுரமும், சோழபுரமாக எல்லாவற்றையும் பிடிக்கும். இரண்டாவது வேற்றுமை ஏற்றவை எல்லாவற்றையும் பிடிக்கும். மற்ற மெய்யில் முடியும் சொல்லுக்குக் கடைசிப் புள்ளியை மட்டும் எடுத்துவிட்டு, அப்படித் தொடங்கும் சொற்களைத் தேடு என்றேன். நாலு வரி. முழு உருபனியல் ஆய்வு இல்லை, சோழபுரச் சாலை இன்னும் தப்பும். ஆனால் ஊர் கிடைத்தது.

பக்கத்து ஊர்களின் பாடு

சோழபுரத்தைச் சுற்றியுள்ள இரண்டு பெரிய ஊர்களையும் சோதித்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் முதல் எழுத்தே பொறி. 'ஸ்ரீ' என்று திரையில் பார்க்கிற அதே வடிவத்தை ஸ வைத்தும் எழுதலாம், ஶ வைத்தும் எழுதலாம். இந்த ஶ யூனிகோடுக்கு வந்தது 2005-இல். அதற்கு முன் அடித்தவை எல்லாம் ஸ. பின்னால் சில விசைப்பலகைகள் ஶ போட ஆரம்பித்தன. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. நீங்கள் எதை அடித்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. 'சோ'வுக்காவது சமன் விதி இருக்கிறது; இதற்கு அதுவும் இல்லை. ஆண்டாள் கோயில் கோபுரத்தை எத்தனை கோணத்தில் படம் எடுத்துப் போட்டாலும், ஊர்ப் பெயரின் முதல் எழுத்து மாறினால் கோபுரமே மறைந்துவிடும். இதற்கு மேல் திருவில்லிபுத்தூர் என்று எழுதுவோர் உண்டு, வில்லிபுத்தூர் என்போர் உண்டு, சிறீ போடுவோர் உண்டு. தவறு எதுவும் இல்லை. எல்லாம் ஊரின் பெயர்தான்.

ராஜபாளையம், இராஜபாளையம், ராசபாளையம், இராசபாளையம். நாலு. இவற்றில் எதை எழுதுகிறோம் என்பதிலேயே மொழிக்கொள்கை இருக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. 'பாளையம்' என்பதில் உள்ள ளை, 1978-இல் அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தில் மாறிய எழுத்துகளில் ஒன்று. அதற்கு முன் அச்சான நூல்களில் துதிக்கை வைத்த ளை இருக்கும். புதிய எழுத்தில் பழகிய ஓசிஆர் அதைப் பார்த்து முழிக்கும். இந்த ஊர்க்காரரான முன்னாள் முதலமைச்சர் குமாரசாமி ராஜாவைத் தேடுவதென்றால் குமாரசாமி, குமாரசுவாமி, குமாரஸ்வாமி என்று மூன்று, அதை ராஜா, ராசா என்ற இரண்டால் பெருக்கவேண்டும். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவரை ஒரு பெட்டிக்குள் கண்டுபிடிக்க ஆறு தடவை கதவைத் தட்டணும்.

எழுத்தெல்லாம் சரியாக இருந்தாலும் மாவட்டம் காலை வாரும். ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா 1910 வரை திருநெல்வேலி மாவட்டம். அந்த வருஷம் ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதற்குள் வந்தது. 1985-இல் காமராஜர் மாவட்டம். 1997-இல் தலைவர்கள் பெயரை மாவட்டங்களிலிருந்து எடுத்தபோது விருதுநகர் மாவட்டம். கல்வெட்டு ஆண்டறிக்கைகளும் அரசாங்க ஆவணங்களும் மாவட்ட வாரியாகத்தான் அடுக்கப்பட்டிருக்கும். 'விருதுநகர்' என்று வடிகட்டி வைத்துவிட்டுச் சோழபுரம் தேடினால், அதற்கு முந்தைய முக்கால் நூற்றாண்டுக்கு மேலும் போய்விட்டது. பையனின் ஆசிரியர் செய்தது இதுதான் என்று நினைக்கிறேன். அவரைக் குறை சொல்லவில்லை. பெட்டியில் 'மாவட்டம்' என்று ஒரு கட்டம் இருந்தால் இன்றைய மாவட்டத்தைத்தானே யாரும் போடுவார்கள்.

என் விமர்சனம்

இனி விமர்சனத்துக்கு வருகிறேன். குறை தொழில்நுட்பத்தில் மட்டும் இருந்தால் இத்தனை நீளம் எழுத வேண்டாம். என் சண்டை அந்த வாக்கியத்தோடு. 'முடிவுகள் எதுவும் இல்லை.'

ஒரு நூலகரிடம் போய்ச் "சோழபுரம் பத்தி ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் அவர் எப்படிப் பதில் சொல்வார்? "எந்தச் சோழபுரம்? கும்பகோணம் பக்கமா, கங்கைகொண்ட சோழபுரமா, ராஜபாளையமா?" என்று திருப்பிக் கேட்பார். "இந்த அலமாரியில பாத்துட்டேன், இல்ல. அந்த அறையில இன்னும் அடுக்காத கட்டு கெடக்கு, அதுல இருக்கலாம்" என்பார். இரண்டுமே நேர்மையான பதில். தான் பார்த்த இடத்தையும் பார்க்காத இடத்தையும் பிரித்துச் சொல்கிறார். தேடுபெட்டி தான் என்ன தேடியது, எங்கே தேடியது, எதை விட்டது என்று எதையும் சொல்லாமல் 'இல்லை' என்கிறது. தன் இயலாமையை ஊரின் இன்மையாக அறிவிக்கிறது.

இதில் அடிவாங்குவது யார்? தஞ்சாவூரும் மதுரையும் அடிவாங்காது. எந்த எழுத்துக்கூட்டலில் அடித்தாலும் நூறு கட்டுரை இருக்கும், பத்தாவது மாட்டும். மொத்தமே மூன்று இடத்தில் பெயர் வருகிற சின்ன ஊருக்கு, அந்த மூன்றும் தப்பிப்போனால் வரலாறே இல்லை. அதிலும் பெரிய பெயரின் நிழலில் இருக்கிற ஊர் என்றால், தேடல் சரியானபிறகும் கங்கைகொண்டான் முன்னால் வந்து மறைப்பான்.

"கூகுள் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும், நீங்கள் ஏன் கஷ்டப்படுகிறீர்கள்?" என்று கேட்கலாம். கூகுளின் தேடலை நம்ம தளத்துக்கு மட்டும் என்று வெட்டிப் போட்டுக்கொள்ளும் வசதி 2006-இலிருந்து இருக்கிறது. எழுத்து வேறுபாடுகளை அது என் நிரலைவிட நன்றாகச் சமாளிக்கும். ஆனால் அது தன் பட்டியலில் ஏற்றிய பக்கங்களை மட்டுமே தேடும். உங்கள் தளத்தின் பாதிப் பக்கத்தை அது ஏற்றாமல் இருந்தால், அந்தப் பாதியைப் பொறுத்தவரை அதே வாக்கியம்தான். படமாக ஸ்கேன் செய்து வைத்த புத்தகத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்பதும் எழுத்தாக மாற்றி வைக்காதவரை தெரியாது. பெட்டி வேறு, பொய் ஒன்று.

நூலகவியலில் நமக்குக் கற்றுத்தர யாரும் வரவேண்டியதில்லை. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பதை ஒரு விதியாகவே 1931-இல் எழுதி வைத்த எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். பன்னிரண்டு பெயர் கொண்ட ஊர் அது. கழுமலம் என்று தேடினாலும் தோணிபுரம் என்று தேடினாலும் சீர்காழியில் கொண்டுபோய் விடவேண்டும் என்பது அந்த ஊர்க்காரருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பழைய நூலக அட்டைகளில் 'காண்க' என்று ஓர் அட்டை இருக்கும்: திருவில்லிபுத்தூர், காண்க ஸ்ரீவில்லிபுத்தூர். அதற்கும் முன்னால் நம்மிடம் நிகண்டு இருந்தது. ஒரு பொருளுக்கு இத்தனை பெயர் என்று அடுக்கி மனப்பாடம் செய்த மரபு. அந்த அட்டையைக் கணினிக்கு மாற்றும்போது எறிந்துவிட்டோம்.

என் தளத்தில் இப்போது அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். பதிலாக வருவது இது: "'சோழபுரம்' என்ற சொல்லை இந்த வடிவங்களில் தேடினேன். இத்தனை குறிப்புகளில் பார்த்தேன். படமாக மட்டும் உள்ள இத்தனை குறிப்புகளைப் பார்க்க முடியவில்லை." அழகாக இல்லை, நீளம்தான். ஆனால் பொய் இல்லை. ஊர்ப் பெயர்களுக்கு ஒரு 'காண்க' பட்டியலும் கையால் தயார் செய்து வருகிறேன். பெரிய நிறுவனங்களால் இதை இன்னும் நன்றாகச் செய்யமுடியும். நாலு வரி நிரலும், ஒரு பட்டியலும், ஒரு நேர்மையான வாக்கியமும் போதும்.

அதுவரை தேடுகிறவர்களுக்கு

பெட்டி 'இல்லை' என்றால் உடனே நம்பாதீர்கள். முதலில் அந்தத் தளத்தில் கண்டிப்பாக இருக்கிற ஒரு சாதாரணத் தமிழ்ச்சொல்லைத் தேடிப் பாருங்கள். அதுவும் வரவில்லை என்றால் பெட்டிக்குத் தமிழே தெரியாது, சொல்லி அனுப்புங்கள். வந்தால், பெயரின் வால் பகுதியை மாற்றித் தேடுங்கள்: சோழபுரத்தில், சோழபுரத்து. பிறகு எழுத்துக்கூட்டலை மாற்றுங்கள்: ஸ்ரீ, திரு, ரா, இரா. உங்கள் சொல்லை அடிப்பதற்குப் பதில் அந்தத் தளத்திலேயே உள்ள சொல்லை வெட்டி ஒட்டித் தேடுவது பல நேரம் பலிக்கும். வடிகட்டிகளை எடுத்துவிடுங்கள், அல்லது பழைய மாவட்டத்தைப் போடுங்கள். கடைசியாக, தேடாமல் பட்டியலை வரிசையாகப் படியுங்கள். மெதுவான வழி. ஆனால் அதில் 'இல்லை' என்று வந்தால் கொஞ்சமாவது நம்பலாம்.

தம்பிக்குப் போன் போட்டேன். "இப்ப தேடிப் பாருங்க தம்பி."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வருது அண்ணாச்சி. 'சோழபுரத்தில்'னு மஞ்சளா காட்டுது."

என் குறிப்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நாள் அந்த வழியாகப் போனபோது பார்த்ததும் கேட்டதும், ஒரு பக்கத்துக்கு. அதை வைத்து அவர் பட்டம் வாங்க முடியாது. ஆனால் தலைப்பை மாற்றவில்லையாம். மற்ற தளங்களில் திருநெல்வேலி, ராமநாதபுரம் என்று போட்டுத் திரும்பத் தேட ஆரம்பித்திருக்கிறார். சார்கிட்ட என்ன சொன்னீங்க என்று கேட்டேன்.

"தரவு இல்லன்னு சொன்னது பொட்டி சார், ஊரு இல்லன்னு சொன்னேன்."